இரண்டு பஞ்சாங்கத்துச் சனியும் அக்காவின் கழுத்தும்

நல்லெண்ணெய் கருகும் வாடை வந்தால் இப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். தாளிக்கும்போது வரும் வாசனையைச் சொல்லவில்லை. கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, எண்ணெயில் ஊறவைத்து, ஒரே தகரத் தட்டில் கும்பலாக எரியவிடும்போது ஒரு வாடை வருமே, அது. ராஜகீழ்ப்பாக்கத்தில் அக்கா குடியிருக்கும் காலனிக்குள் ஒரு சின்னக் கோயில் உண்டு. போன வருஷம் மார்ச்சில், சனிப்பெயர்ச்சி அன்று, அக்கா கூப்பிட்டாளே என்று அங்கே போய் நின்றேன். தரை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. பாதத்தில் கரி அப்பியது. யாரோ மிதித்துவிட்டுப் போன வாழைப்பழம் என் கால்விரல் இடுக்கில் ஏறியது. பக்தி என்றால் ஏன் இவ்வளவு அழுக்காக இருக்க வேண்டும் என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

அதைவிட அருவருப்பாக இருந்தது வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனர். அதில் இருந்தது எனக்குத் தெரிந்த சனி. சனியைச் சுற்றிவந்த விண்கலம் கிரகத்தின் நிழலுக்குள் போய், சூரியன் சனிக்குப் பின்னால் மறைந்திருந்த நேரத்தில் எடுத்த படம். பின்னாலிருந்து வெளிச்சம் விழுவதால் வளையங்கள் எல்லாம் தகதகவென்று இருக்கும். ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதுதான் பூமி. நாம் எல்லோரும், தாம்பரம் மேம்பாலமும் சேர்த்து, அந்தப் புள்ளிக்குள் இருக்கிறோம். ஒவ்வொரு வருஷமும் என் முதல் வகுப்பை இந்தப் படத்தை வைத்துத்தான் தொடங்குவேன். பேனர்க்காரர்கள் சனியின் மேல் காக்கை வாகனத்தோடு பகவானை ஒட்டியிருந்தார்கள். பூமி இருந்த மூலையில் பந்தல் உபயதாரரின் முகம், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. கீழே "பகவானின் நேரடி தரிசனம்" என்று எழுதியிருந்தது. அதன் அடியில் நின்று ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

நான் தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆராய்ச்சி என்று நான் செய்வது, அந்த விண்கலம் அனுப்பிய படங்களைச் சேலையூரில் என் ஃபிளாட்டில் உட்கார்ந்து அளப்பது. விண்கலம் இப்போது இல்லை. படங்கள் மட்டும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் திறந்து கிடக்கின்றன. வளையங்களை விட என் கவனம் எல்லாம் ஒரு நிலாவின் மேல்தான். தாம்பரத்தில் ரயில் ஏறி விருதுநகரில் இறங்கினால் அதன் குறுக்களவு முடிந்துவிடும், அவ்வளவு பொடிசு. மேலே முழுக்கப் பனிக்கட்டி. சனிக்குக் கிட்டே வந்தும் எட்டப் போயும் சுற்றுவதால், பரோட்டா மாவைப் பிசைவது போல் சனியின் ஈர்ப்பு அதைப் பிசைந்துகொண்டே இருக்கிறது. பிசைகிற சூட்டில் உள்ளே ஓர் உப்புக் கடல் உறையாமல் கிடக்கிறது. தென்துருவத்தில் நீளநீளமாக நான்கு வெடிப்புகள். அவற்றின் வழியே அந்தக் கடல் விண்வெளிக்குப் பீறிடுகிறது. சிதறிய பனித்தூள் சேர்ந்து சேர்ந்து சனிக்கு ஒரு வளையமாகவே ஆகிவிட்டது. நிலா எட்டப் போகும்போது வெடிப்பு விரிந்து பீச்சல் கூடும், கிட்டே வந்தால் குறையும். எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு குறைகிறது என்று படத்தின் வெளிச்சத்தைக் கொண்டு கணக்கிடுவதுதான் என் பிழைப்பின் சுவையான பகுதி. மற்றதெல்லாம் விடைத்தாள்.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். மறுநாள் கேம்ப் ரோட்டில் இருக்கும் அவள் பள்ளியில், மூன்றாம் வகுப்புக்கு அப்படியே போய்ச் சொல்லுவாள். "ஐஸ்கட்டிக்குள்ள வெந்நீர் இருக்கு, நம்புவீங்களா" என்று அவள் தொடங்கினால், அடுத்த கட்டடத்தில் இருக்கும் பத்தாம் வகுப்பும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டும். அப்படி ஒரு குரல். மைக்கே வேண்டாம். ஆண்டு விழாவில் கரண்ட் போனால் மேடைக்கு அவளைத்தான் அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் எனக்குப் படிப்பு வந்தது, அவளுக்குக் குரல் வந்தது. இரண்டில் எது நல்ல பங்கு என்று எங்களுக்குள் எப்போதும் ஒரு சண்டை உண்டு.

அந்தக் கழுத்தில்தான் கட்டி வந்தது.

முதலில் பார்த்தது அவளோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர். ஸ்டாஃப் ரூமில் இருவரும் டிபன் பாக்ஸ் மாற்றிச் சாப்பிடுகிறவர்கள். வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டுப் பிரியாணி அக்காவுக்கு, அக்காவின் வத்தக்குழம்பு அவருக்கு. தண்ணீர் குடிக்கும்போது தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் ஏதோ ஏறி இறங்குகிறதே என்று அவர்தான் கேட்டார். ஸ்கேன் எடுத்தோம். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். கோவிலம்பாக்கம் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் இருந்த பெண் சர்ஜன் நிதானமாகச் சொன்னார்: தைராய்டில் கட்டி, சந்தேகப்படும்படி இருக்கிறது, எடுத்துவிடுவதுதான் சரி. இன்றைக்கே ஓடிவர வேண்டாம், ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்திலேயே குரலுக்கான நரம்பு ஓடுகிறது, கட்டி அதைத் தொடுவதற்கு முன்னால் எடுத்தால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் நல்லது. அக்கா தலையாட்டினாள். நானும்தான்.

வீட்டுக்கு வந்து அக்கா புருஷனிடம் சொன்னோம். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பொறியியல் படித்தவர், பெரிய கம்பெனியில் நல்ல வேலை, சத்தம் போட்டுப் பேசமாட்டார், நாம் போனால் அவரே காபி போட்டுக் கொடுப்பார். வில்லன் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு அவரிடம் பெரிய எரிச்சல். வேண்டாம் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "கண்டிப்பாப் பண்ணிடலாம்மா. நாள் மட்டும் பார்த்துக்கலாம்" என்றார். நாள் பார்க்க வீடியோ காலில் ஒரு ஜோசியர் வந்தார். அவர் முகம் திரையில் நெற்றி வரைக்கும்தான் தெரிந்தது, மீதி எல்லாம் மின்விசிறி. மாமாவுக்குக் கடக ராசி, அஷ்டமச் சனி நடக்கிறது, இந்தச் சமயத்தில் மனைவி உடம்பில் கத்தி பட்டால் அது புருஷனின் ஆயுளைத் தொடும், சனி பெயர்ந்த பிறகு செய்துகொள்ளுங்கள் என்று அவர் சொன்னார்.

கட்டி அக்காவின் கழுத்தில். ஜாதகம் மாமாவுடையது. இதில் ஏதோ இடிக்கிறதே என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தோன்றியது. அக்காவின் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பெயர்ச்சிதாம்மா. அதுவரைக்கும் பொறுத்துக்கோ. அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாம தாங்குவோமா?" என்று கேட்டார். அந்த 'நாம'வில் அக்கா விழுந்துவிட்டாள். அவள் கோழை இல்லை. தன் ஆபரேஷனால் புருஷன் செத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தாள், அவ்வளவுதான். நான் கத்தியபோது, "விடுடி, நாலஞ்சு மாசம்தானே" என்றாள்.

நான் சும்மா விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். விண்கலம் சனியைச் சுற்றிய வருஷங்களில் அதன் ரேடியோ சமிக்ஞையைப் பிடித்து, சனி எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கும் என்று ஒருசில கிலோமீட்டர் பிசகுக்குள் கணித்துவைத்திருக்கிறார்கள் என்று காட்டினேன். வளையங்கள் அகலத்தில் பூமியைப் பலமுறை விழுங்கும், ஆனால் பருமன் பெரும்பாலான இடத்தில் இந்த அபார்ட்மெண்ட் உயரம்தான், பனிக்கட்டியும் தூசியும்தான், அதில் உங்கள் ஆயுள் எங்கேயும் இல்லை என்றேன். மாமா ரசித்துக் கேட்டார். நல்ல நல்ல கேள்விகளும் கேட்டார். என் நிலாவின் பீச்சலைப் பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றார். எல்லாம் முடிந்ததும், "அது அஸ்ட்ரானமிம்மா. இது வேற சப்ஜெக்ட்" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பார்த்தால், நான் காட்டிய சனி படம் அவருடைய வாட்ஸ்அப்பில் டிபியாக இருந்தது. என்னைக் காறித் துப்பியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

மாமியார் ஒரு படி மேலே. சனிக்கென்றே பேர்போன அந்தக் கோயிலுக்கு மேலே பறக்கும் சாட்டிலைட்டெல்லாம் மூன்று விநாடி நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகிறதாம், வெளிநாட்டு விஞ்ஞானிகளே வந்து விழுந்து வணங்கினார்களாம். குடும்ப குரூப்பில் வந்ததாம். என்னிடமே கேட்டார், நீ அந்தத் துறையில்தானே இருக்கிறாய், உனக்குத் தெரியாதா என்று. சனியையே பதின்மூன்று வருஷம் சுற்றிய விண்கலம் ஒரு விநாடிகூட நிற்கவில்லை, நின்றிருந்தால் கீழே விழுந்திருக்கும் என்றேன். "படிச்சவங்க இதெல்லாம் வெளிய சொல்ல மாட்டீங்க" என்று சிரித்தார். இந்தப் பொய்யை நான் கல்லூரி மாணவர்களிடம் கேட்டிருக்கிறேன், முனைவர் பட்டம் வாங்கிய ஆளிடமும் கேட்டிருக்கிறேன். எத்தனை முறை பெருக்கினாலும் மறுநாள் காலையில் அதே மூலையில் குப்பை கிடக்கும் தெரு மாதிரி ஆகிவிட்டது எங்கள் மூளை.

இப்படியாக மார்ச் வந்தது. அந்த மாதம் உண்மையிலேயே சனியில் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று நடந்தது. வளையங்கள் நமக்கு நேராக விளிம்பைத் திருப்பின. தட்டை ஓரமாகப் பிடித்தால் கோடாகத் தெரியுமே, அதுபோல. வானத்தில் சூரியனுக்கு மிகப் பக்கத்தில் சனி இருந்ததால் யாராலும் சரியாகப் பார்க்க முடியவில்லை என்பது வேறு விஷயம். ஏறக்குறைய பதினைந்து வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பது. இதைப் பற்றித் தமிழில் யாராவது பேசியிருக்கிறார்களா என்று யூடியூபில் தேடினேன். "சனி வளையம் மறைந்தது! இந்த ஐந்து ராசிக்காரர்கள் வெளியே போகாதீர்கள்" என்று ஒரு ஆள் ருத்ராட்சம் கட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். பின்னணியில் நான் அளக்கும் அதே நிலாவின் படம். போனை மூடிவைத்துவிட்டுக் கை கழுவினேன்.

பெயர்ச்சி நாளில்தான், முதலில் சொன்னேனே, காலனிக் கோயிலில் அக்காவோடு நின்றேன். அவள் புருஷனுக்காக எள் விளக்கு ஏற்றினாள். முந்தானையை இழுத்து இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள். கட்டி அதற்குள் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு நிம்மதி. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய நைட்டி, சீப்பு, சோப்பு எல்லாம் ஒரு பையில் எடுத்துவைத்துவிட்டேன், நாளைக் காலையில் வந்துவிடு என்றாள். மறுநாள் லீவ் போட்டுவிட்டு ஸ்கூட்டியில் போய் நின்றேன். பை பரண் மேல் ஏறியிருந்தது.

என்ன நடந்தது என்று கேட்டால், சனி இன்னும் பெயரவில்லையாம். காலனிக் கோயில் பார்த்தது திருக்கணிதப் பஞ்சாங்கம். அந்தப் பேர்போன கோயிலில் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம். வாக்கியப்படி பெயர்ச்சிக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் இருக்கிறது. செய்தி முந்தின நாள் மாலை குடும்ப குரூப்பில் வந்திருக்கிறது. ஜோசியரைப் பிடித்துக் கேட்டால், உங்கள் வீட்டு ஜாதகமெல்லாம் வாக்கியத்தில் கணித்தது, நான் அந்தப் பெயர்ச்சியைத்தான் சொன்னேன், நீங்கள் டிவி பார்த்து அவசரப்பட்டால் நான் என்ன செய்ய என்று கேட்டாராம். அதாவது ஐந்து மாதமாக இந்த வீடு தவறான தேதிக்குக் காத்திருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் இவர்கள் செய்தது, சரியான தேதிக்குக் காத்திருக்கத் தொடங்கியது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வானத்தில் இருப்பது ஒரே ஒரு சனி. அது ஒரே நேரத்தில் இரண்டு ராசியில் எப்படி உட்காரும் என்று கேட்டேன். மாமா புத்தகம் படித்தவர்போல எனக்கு விளக்கினார்: வாக்கியம் பழைய சூத்திரங்களை வைத்துப் போட்டது, திருக்கணிதம் வானத்தைப் பார்த்துத் திருத்தியது, இரண்டுக்கும் வித்தியாசம் வரத்தான் செய்யும். திருத்தியது எது என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்களே, அதையே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நம்பிக்கைப்படியே சனி பகவான் நேற்றே போய்விட்டார், அக்காவை அனுப்புங்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். ஜோசியத்தின் காலில் விழுந்து ஜோசியத்தையே சாட்சிக்கு அழைத்த அந்த நிமிஷத்துக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. அதுவும் எடுபடவில்லை. "நம்ம வழக்கம் வாக்கியம்மா" என்றார் மாமியார். வழக்கம் என்ற சொல்லுக்கு மேல் எங்கள் ஊரில் அப்பீல் கிடையாது.

அதற்குப் பிறகான மாதங்களை நினைத்தாலே கசக்கிறது. திங்கட்கிழமை தவறாமல் அந்த டீச்சர் ஸ்டாஃப் ரூமில், ஆபரேஷன் எப்போ என்று கேட்பாராம். சனி இன்னும் பெயரவில்லை என்று இன்னொரு படித்த பெண்ணிடம் சொல்ல அக்காவுக்கு வெட்கம். ஹெட்மிஸ்ட்ரஸ் லீவ் தரவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறாள். அவர் நேரே ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்ச் சண்டை போட்டு, பொய் வெளிப்பட்டு, அக்கா அன்று சாப்பிடாமல் அழுதிருக்கிறாள். ஜூலையில் அவள் குரல் கரகரத்தது. சளி என்றார் மாமியார், மிளகுப் பால் கொடுத்தார். ஆகஸ்டில் வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை. பிள்ளைகள் "மிஸ், சத்தமா" என்று கத்தியிருக்கின்றன. அவளைப் பார்த்து, அப்படி. போனில் அவள் பேசினால் வேறு யாரோ கதவுக்குப் பின்னால் நின்று பேசுவது மாதிரி இருந்தது. இதற்கு நடுவில் மாமா ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் காக்கைக்குச் சாதம் வைத்தார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணி. நான் அங்கேதான் இருந்தேன். மாமா டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தார். சட்டை நனைந்துவிட்டது. இடது கை மரத்துப்போகிறது என்றார். ஞாயிறு ஐந்து மணி என்றால் நல்ல ராகு காலம். அந்த நேரத்தில் பால் வாங்கக்கூட மாமியார் ஒருவரையும் படி இறங்க விடமாட்டார். அன்றைக்கு அவர்தான் முதலில், செருப்புப் போடாமல், தெருவுக்கு ஓடினார். முனையில் நின்ற ஆட்டோக்காரர் வந்து மாமாவைத் தோளில் தாங்கிக்கொண்டார். நாங்கள் எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டு நின்றபோது, "பேசிகினு நின்னா ஆவாது மேடம். ஏறுங்க, நான் பூந்து போய்டுறேன்" என்று வண்டியைக் கிளப்பினார். மேடவாக்கம் நெரிசலில் அவர் புகுந்த சந்துகள் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அக்காவுக்குப் பார்த்த அதே மருத்துவமனைதான். இதய மருத்துவர், அடைப்பு இருக்கிறது, இப்போதே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார். ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தானே விலக்கிக்கொண்டு மாமா சொன்னார்: "உடனே பண்ணுங்க டாக்டர்." மாமியார் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, பகவான் பார்த்துக்கொள்வார், நீங்கள் செய்யுங்கள் என்றார். ஜோசியர் எண் அவர் போனில் இருந்தது. யாரும் தொடவில்லை. ராத்திரி ஒன்பதுக்குள் மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஐசியுவுக்கு மாற்றிவிட்டார்கள்.

நல்லது. ஓர் உயிர் பிழைத்தது. எனக்கும் சந்தோஷம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளேயே எனக்கு எல்லோர் மேலும் அப்படி ஓர் அருவருப்பு பொங்கியது.

ஐசியு வாசலில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். அக்கா நடுவில், மாமியாரும் நானும் இரண்டு பக்கம். அக்கா அந்தக் காற்றுக் குரலில் கேட்டாள்.

"அத்தை, அவருக்கு இன்னும் அஷ்டமச் சனிதானே நடக்குது?"

மாமியார் முதலில் புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் சட்டென்று திரும்பினார். "இதுல போய் நாளா பார்ப்பாங்க? இது உயிர் விஷயம்."

"என்னோடது?" என்றாள் அக்கா.

மாமியார் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் தேடினார்.

மறுநாள் காலை அக்கா என்னைக்கூடக் கூப்பிடாமல் கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய், அந்தப் பெண் சர்ஜனின் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மூக்கு வழியாகச் சின்னக் கேமரா விட்டுப் பார்த்ததில் ஒரு பக்கத்துக் குரல்நாண் அசையவே இல்லை. இனி ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். மாமா வார்டில் படுத்துக்கொண்டு, "என் உடம்பு இப்படி இருக்கும்போதா?" என்று கேட்டார். சத்தியமாக அப்படித்தான் கேட்டார். அக்கா அவருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள், போர்வையைச் சரிசெய்தாள். அவர் வீட்டுக்குப் போன மறுநாள் அவள் அட்மிட் ஆனாள். கூட இருப்பவர் என்று நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது வேறு எதையாவது நினைக்கலாம் என்று என் நிலாவை நினைத்தேன். அதுவும் ஒத்துழைக்கவில்லை. அந்த விண்கலத்தில் எரிபொருள் தீரும் கட்டம் வந்தபோது, அதை அப்படியே விட்டுவிட்டால் என்றாவது ஒருநாள் அந்தப் பனி நிலாவின் மேல் மோதிவிடலாம், பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமி ஏதாவது அந்தக் கடலில் கலந்துவிடலாம் என்று கவலைப்பட்டார்கள். அந்தக் கடலில் உயிர் இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது. இருந்தாலும் ஒருவேளை இருந்துவிட்டால் என்று, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த விண்கலத்தை வேண்டுமென்றே சனிக்குள் பாயவிட்டு எரித்தார்கள். கண்ணுக்கே தெரியாத, இருப்பதே நிச்சயமில்லாத ஓர் உயிர்மேல் அவ்வளவு அக்கறை. எங்கள் வீட்டிலோ, தினமும் மூன்று வேளை சமைத்துப் போடுகிற ஒருத்தியின் கழுத்து கண்ணெதிரே வீங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் எந்தப் பஞ்சாங்கம் என்று தர்க்கம் செய்துகொண்டிருந்தோம்.

கட்டி புற்றுதான். முழு தைராய்டையும் எடுத்துவிட்டார்கள். சர்ஜன் வெளியே வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டே, உயிருக்கு இப்போது பயமில்லை, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை என்றார். நரம்பைப் பற்றி நான் கேட்டேன். கட்டி அதைச் சுற்றி ஒட்டியிருந்தது, ஒரு பக்கத்து நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை என்றார். முன்னாடியே வந்திருந்தால் என்று நான் இழுத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பேசினார். "உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா வாய்ப்பு நல்லாவே இருந்தது."

அக்கா இப்போது பேசுவாள். பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். பயிற்சி செய்தால் இன்னும் கொஞ்சம் வரலாம் என்கிறார்கள். பள்ளியில் அவளை வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் போட்டுவிட்டார்கள். வேலை போகவில்லையே, அதுவரைக்கும் புண்ணியம் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தீபாவளி கழிந்து ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா நன்றாகத் தேறியிருந்தார். நடைப்பயிற்சி போய்விட்டு வந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் சோஃபாவில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தெளிவு. ஜோசியரிடம் பேசினாராம். அஷ்டமச் சனி ஒரு கண்டத்தைக் காட்டிவிட்டுத்தான் போகும் என்று அவர் முன்னாலேயே சொல்லியிருந்தாராம். "சரியாப் போச்சு பாரு. பகவான் எனக்கு நெஞ்சுல காட்டினார், உனக்குத் தொண்டையோட விட்டுட்டார். ரெண்டு பேரையும் உசுரோட வெச்சாரே, அதுக்கு அவருக்கு நன்றி சொல்லணும்" என்றார். சொல்லிவிட்டு அவள் முழங்காலில் ஆறுதலாக ஒரு தட்டுத் தட்டினார். நடந்த அத்தனையும் அவருக்கு ஒழுங்காக ஜாதகத்துக்குள் உட்கார்ந்துவிட்டது.

அக்கா ஏதோ சொன்னாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உதடு தெரிந்தது, அதனால் புரிந்தது. மாமாவுக்குக் கேட்கவில்லை. காதை லேசாகச் சாய்த்துவிட்டு, பிறகு அலுத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றா?"

நான் எழுந்துபோய் மிக்ஸியை நிறுத்தினேன். சமையலறையில் மாமியாரும் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து ஃபிளாட்டுக்கும் கேட்கும்படி, ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன்.

"என் குரலைச் சனி எடுக்கல. நீங்க எடுத்தீங்க. அப்படின்னு சொல்றா."

மாமாவின் முகம் சிவந்தது. இவ்வளவு காலமும் இல்லாத கோபத்தோடு என்னை முறைத்தார். வீட்டில் குழப்பம் பண்ணுகிறவள் நான்தான் என்பது போல். அக்கா கையை நீட்டி, அவர் முகவாயைப் பிடித்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.